மூன்று லிட்டர் எண்ணெய்

“என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள், அந்தச் சின்ன டீசல் என்ஜின் வைத்த காரை மட்டும் வாங்காதீர்கள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நடுரோட்டில் செயின் கழன்று கழுத்தை அறுத்துவிடும்!”

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் இப்படிப் பிரசங்கம் செய்தார். பாங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. அவர் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள், அன்றும் நம்பினார்கள். ரசம் வருவதற்குள் அந்த என்ஜினுக்குத் தூக்குத் தண்டனை விதித்தாயிற்று. நான் மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். கல்யாண வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது என் மானத்தைப் பற்றியது, பின்னால் சொல்கிறேன்.

“கதை எழுதுகிறவனுக்கு என்ஜினைப் பற்றி என்ன ஐயா தெரியும்?” என்று நீங்கள் கேட்கலாம். பதினோரு வருஷம் அந்த என்ஜின் வைத்த கார் ஒன்றை ஓட்டியிருக்கிறேன். ஓட்டினேன் என்பதைவிடக் கெடுத்தேன் என்று சொல்வது பொருந்தும். ஒரு பொருளைக் கெடுத்தவனுக்கு அதைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும்.

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார் என்று சொல்லிவிடுகிறேன். இத்தாலி தேசத்து ஃபியட் கம்பெனியும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்திருந்த காலத்தில், 2003-ல், போலந்திலுள்ள பியெல்ஸ்கோ-பியாவா என்ற ஊரில் பிறந்தது ‘1.3 மல்டிஜெட்’ என்ற என்ஜின். 2005-ல் பெற்றோர்கள் பிரிந்துவிட்டார்கள். ஆனால் அதே வருஷம் குழந்தைக்கு, அதன் அளவுள்ள என்ஜின்களுக்குள் உலகத்திலேயே சிறந்தது என்று பரிசு கிடைத்தது. அப்புறம் நம் நாட்டுக்கு வந்தது. மானேசரில் செய்தார்கள், புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் செய்தார்கள். 2007-ல் மாருதி ஸ்விஃப்டில் ஏறிக்கொண்டது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஃபியட்டின் லீனியா, புந்தோ என்று அது புகாத கூடு இல்லை. ஒருவர் டி.டி.ஐ.எஸ். என்றார், இன்னொருவர் குவாட்ராஜெட் என்றார். உடல் வேறு, பெயர் வேறு, உள்ளே உயிர் ஒன்றுதான். மோட்டார் பத்திரிகைக்காரர்கள் அதற்குத் ‘தேசிய என்ஜின்’ என்றே வேடிக்கையாகப் பட்டம் கட்டியிருந்தார்கள்.

அதன் அளவுகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சிலிண்டர் நான்கு. ஒவ்வொன்றின் உள்விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். நான்கும் சேர்ந்து 1,248 கன சென்டிமீட்டர். அதாவது ஒரு சிலிண்டருக்கு நம் வீட்டுக் காப்பி டம்ளர் இரண்டு கொள்ளும். வால்வு பதினாறு. எடை சுமார் 130 கிலோ. இந்தச் சின்ன உடம்பிலிருந்து நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் 75 குதிரை சக்தி. 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. டர்போவை மாற்றி அமைத்த இன்னொரு தினுசில் 90 குதிரை. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜின் கிட்டத்தட்ட இரண்டு ஆள் உயரம்; அதன் சக்தியோ சுமார் 20 குதிரைதான். (1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்திருந்தால் பஜ்ஜி வாசனையோடு பஸ் விட்டிருப்பார்கள்.)

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழு பங்கில் ஒரு பங்காக நெருக்கினால் அது தானே கொதிக்கும்; அதில் டீசலைப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். இந்த என்ஜினில் அதைப் பீச்சுகிற அழுத்தம் 1,400 முதல் 1,600 பார். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அவ்வளவு அழுத்தத்தில், மயிரிழைத் துளைகள் வழியாக, ஒரு தடவை எரிவதற்குள் ஐந்து முறை வரை துளித்துளியாகப் பிரித்துப் பீச்ச முடியும். மல்டிஜெட் என்ற பெயரே இதனால்தான் வந்தது. 2,000 சுற்றில் நிமிஷத்துக்கு 4,000 வெடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து என்றால் இருபதாயிரம் பீச்சல். எரிந்து வெளியே போகிற புகையும் சும்மா போவதில்லை. டர்போவின் குட்டிச் சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போகிறது. அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

இந்த எண்களையெல்லாம் விற்பனைப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை இன்னும் பெரிய எழுத்தில். எங்கேயோ கடைசிப் பக்கத்தில், தாம்பூலப் பையில் போட்ட ஒற்றைப் பாக்கு மாதிரி ஒரு எண் இருக்கும்: என்ஜின் எண்ணெய், மூன்று லிட்டர் சொச்சம்.

இரண்டு லட்சம் சுற்றுச் சுற்றுகிற டர்போவின் தண்டு எதன்மேல் சுற்றுகிறது தெரியுமா? உலோகத்தின்மேல் அல்ல, எண்ணெய்ப் படலத்தின்மேல். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் காற்று, நடுவில் எண்ணெய். எண்ணெய் கெட்டுப்போனால் தண்டு தேயும்; தேய்ந்தால் எண்ணெய் கசியும்; நீலப் புகை வரும். நெடுஞ்சாலையில் முக்கால் மணி ஓட்டிவிட்டு டீக்கடை முன்னால் நிறுத்தியதும் சாவியைத் திருகி அணைக்கிறோமே, அப்போது அந்தத் தண்டில் தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகிறது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் போதும். டீ ஆறிவிடும் என்று நமக்கு அவசரம்.

செயினுக்கு வருவோம். கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் செயின். அது தொய்யாமல் அழுத்திப் பிடிப்பது ஒரு டென்ஷனர். அந்த டென்ஷனருக்குத் தெம்பு கொடுப்பதும் எண்ணெய் அழுத்தம்தான். எண்ணெய் மட்டம் இறங்கினாலோ, எண்ணெய் குழம்பாகி வழியை அடைத்தாலோ, செயின் தொய்யும். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி, செம்புக்குள் சோழியைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வரும். என்ஜின் வாயைத் திறந்து சொல்லுகிற வார்த்தை அது. கேட்காவிட்டால் ஒரு நாள் செயின் பல்லைத் தாவும். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள ராக்கர்கள் ஒடியும். அதிர்ஷ்டம் இருந்தால் சேதம் அதோடு நிற்கும். இல்லாவிட்டால் தலையையே கழற்ற வேண்டியதுதான்.

நண்பர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. செயின் இன்னும் கொஞ்சம் தடியாக இருந்திருக்கலாம். எண்ணெய்த் தொட்டி இன்னும் ஒரு லிட்டர் பெரிதாக இருந்திருக்கலாம். என் கோபமெல்லாம் அந்தப் புத்தகத்தின்மேல். ரப்பர் பெல்ட் வைத்த என்ஜினுக்கு இத்தனை கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்று என்று அட்டவணையில் எழுதியிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே மாற்றுகிறோம். செயினுக்கு அட்டவணையில் இடமே கிடையாது. “என்ஜினின் ஆயுள் வரை உழைக்கும்” என்று விற்கிறவர் சொல்லுவார். செயின் போனதும் என்ஜினும் போய்விடுகிறது. ஆகவே ஆயுள் வரை உழைத்தது என்பது மெய்தான்! இப்படி ஒரு வாக்கியத்தை நான் நாவலில் எழுதினால் விமர்சகர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

ஐரோப்பாவில் இதே என்ஜினுக்கு 30,000 கிலோமீட்டர் வரை எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று புத்தகம் போட்டார்கள். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. முதலில் வாங்குகிறவருக்கு மூன்று வருஷத்தில் பராமரிப்புச் செலவு மிகக் குறைவு. அவர் சந்தோஷமாக ஓட்டிவிட்டு விற்றுவிடுவார். கறுத்துப்போன எண்ணெயின் விலையை மூன்றாவது ஆள் கொடுப்பான். அங்கே பிந்தி வந்த வண்டிகளில் கரிப் புகையைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வேறு உண்டு. அந்தக் கரியை அவ்வப்போது எரிப்பதற்காக என்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீச்சும். பாதி எரிகிறபோதே வீடு வந்து அணைத்துவிட்டால், எரியாத டீசல் வழிந்து எண்ணெயில் கலக்கும். எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும்! மட்டம் ஏறியிருப்பதைப் பார்த்து நம்மைப்போன்றவர்கள், “பேஷ், நிறைய இருக்கிறது” என்று மூடிவிடுவார்கள்.

மற்றச் சில்லறை நோய்களை விஸ்தரிக்க வேண்டியதில்லை. புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து இறுகிக்கொள்ளும். வண்டி இழுக்காது, கறுப்புப் புகை தள்ளும். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாய் வெடித்து விசில் அடிக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலுக்கு வழவழப்புப் போதாது. அது பம்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் சேரும். அதை வடிக்க ஒரு திருகே வைத்திருக்கிறார்கள். அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கணக்குப் போடுவதில் மட்டும் நாம் சூரர்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சர்க்கார் அவிழ்த்துவிட்டார்கள். டீசலை 2014 அக்டோபர் வரை கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். இடைப்பட்ட அந்த நாலு வருஷத்தில் நம் வகுப்பார் எல்லோருக்கும் திடீரென்று டீசல் பக்தி வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினோம். எதற்கு? கறிகாய் மார்க்கெட்டுக்குப் போக. சனிக்கிழமை கோயிலுக்குப் போக. பேத்தியைப் பாட்டு வகுப்பில் விட்டுவர. மூன்று கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர். டீசல் என்ஜின் சூடேறுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். குளிர்ந்த என்ஜினில் எரிபொருள் சரியாக எரியாது, கரி எண்ணெயில் இறங்கும், ஈரமும் சேரும். நாள் முழுதும் வெளியூர் ஓடுகிறவனுக்காகச் செய்த என்ஜினை, லிட்டருக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி, ஊறுகாய் ஜாடி மாதிரி வீட்டில் வைத்தோம்.

இனி என் மானத்தைப் பற்றிய விஷயம்.

நான் 2011-ல் வாங்கினேன். எந்தக் கம்பெனிக் கார் என்பது இங்கே முக்கியமில்லை. புத்தகத்தில், “10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்றவும்” என்று அச்சடித்திருந்தது. நான் வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் படித்தேன். ஆயுள் முழுதும் வாக்கியங்களோடு குடித்தனம் நடத்துகிறவன், ‘அல்லது’ என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன்! முதல் சில வருஷம் பட்டறைக்காரர்களே டெலிபோன் செய்து அழைத்துக்கொண்டிருந்தார்கள், போனேன். காரண்டி முடிந்த பிறகு டெலிபோனும் நின்றது, நானும் நின்றேன். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறதே, பத்தாயிரம் ஆகட்டும் என்று மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே எண்ணெயில் ஓட்டினேன். காலையில் சோழி குலுங்கும் சத்தம் கேட்டது. “பழைய வண்டி, கிழவன் இருமுகிற மாதிரி” என்று வீட்டில் தமாஷ் செய்தேன். வீட்டில் சிரிக்கவில்லை. “பாயிடம் ஒரு தடவை காட்டிவிடுங்களேன்” என்றாள் என் மனைவி. காட்டவில்லை. 2022-ல் விற்றுவிட்டேன்.

எப்படி விற்றேன் தெரியுமா? கழுவி, பாலிஷ் போட்டு, ஸீட்டுக்குப் புது உறை மாட்டி. “61,000 கிலோமீட்டர்தான், ஒரே கை, கீறல் கிடையாது.” அவ்வளவும் சத்தியம். வாங்கியவர் இளைஞர், ஆரணிப் பக்கம். புடவை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தவணைக்கு விற்கிறவர். வண்டியைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார். “உங்களைப் போல இருக்கிறவங்க வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்” என்றார். நான் மறுக்கவில்லை.

நாலாவது மாதம் மத்தியானம் ஒரு டெலிபோன். மேல்மருவத்தூர் தாண்டி அச்சிறுபாக்கத்தருகே வண்டி நின்றுவிட்டதாம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பின் ஸீட்டில் அவர் கடன் வாங்கிப் பிடித்த சரக்கு. “என்ன சார் செய்யலாம்?” என்றுதான் கேட்டார்; ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. இழுத்துக்கொண்டு வரச் சொல்லி, எங்கள் பேட்டை மெக்கானிக் பாயிடம் விட்டோம். பாய் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே தார் போட்டு மெழுகினாற்போல இருந்தது. விரலால் வழித்து என் முன்னால் நீட்டினார்.

“இது ஆயில் இல்லே சார், அல்வா. எப்ப மாத்தினீங்க?”

அந்த இளைஞர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அன்று என்ன கிழமை என்று நான் மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

செயின், டென்ஷனர், ஆறு ராக்கர், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. நான் கொடுக்க முன்வந்தேன். பாதிக்கு மேல் வாங்க மாட்டேன் என்றார். தீபாவளி வியாபாரம் பாதிக்குமேல் போய்விட்டது. அதற்கு நான் எந்தக் கணக்கில் எழுதிக் கொடுப்பது?

இதை என் தனிப்பட்ட பாவம் என்று ஒதுக்கிவிடத் தோன்றுகிறதா? சற்று யோசித்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் தேதி புதிய புகை விதி அமலுக்கு வந்தது. அதற்கு ஏற்ப இந்த என்ஜினைத் திருத்துவது கட்டுப்படியாகாது என்று நம் நாட்டில் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று சாலையில் ஓடுகிற இந்த என்ஜின் ஒவ்வொன்றும் பழையது. அநேகமாக நாம் ஓட்டிக் கழித்தது. நம் கையை விட்டு அது எங்கே போகிறது? இன்னொரு உத்தியோகஸ்தர் வாங்குவதில்லை. பால்காரர் வாங்குகிறார், காய்கறி வியாபாரி வாங்குகிறார், வாடகைக் காரில் டிரைவராக இருந்து சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வட்டிக்கு வாங்கினவர் வாங்குகிறார். நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள். அந்த என்ஜினுக்கு ஏற்ற எஜமானர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் கைக்கு வருவதற்குள் நாம் அதை உள்ளே புண்ணாக்கி, மேலே பாலிஷ் போட்டுவிடுகிறோம். செயின் அவர்கள் கையில் போகிறது. “டிரைவர்கள் கண்டபடி ஓட்டிக் கெடுத்துவிடுகிறார்கள்” என்று பந்தியில் பேசுகிறோம்.

காரை விற்கும்போது ஃபாரம் 29, ஃபாரம் 30 என்று கையெழுத்துப் போடுகிறோம். இன்ஷ்யூரன்ஸ், புகைச் சான்று, ஆர்.சி. புத்தகம் எல்லாம் கேட்கிறார்கள். எண்ணெய் மாற்றிய ரசீதுகளை இணைக்க வேண்டும் என்று ஒரு வரி அந்த ஃபாரத்தில் ஏன் இருக்கக் கூடாது? ரசீது இல்லையா, “இந்த வண்டிக்கு எப்போது எண்ணெய் மாற்றினேன் என்று எனக்குத் தெரியாது” என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வாங்குகிறவன் அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துக் கேட்கட்டும். சர்க்கார் செய்யாவிட்டால் போகிறது. நீங்கள் பழைய காரை வாங்கப் போனால் வர்ணத்தைப் பார்க்காதீர்கள். இரவு முழுதும் நின்று குளிர்ந்த என்ஜினை உங்கள் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முதல் மூன்று விநாடி காதைக் கொடுங்கள். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தப் புடவை வியாபாரி இப்போதும் அதே வண்டியில்தான் போகிறார். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுகிறார். புத்தகம் சொன்னதில் பாதி. இதுவரை சோழிச் சத்தம் இல்லை என்று பாய் சொல்கிறார்.

பந்தியில் பிரசங்கம் செய்த நண்பரை மறந்துவிட்டேன். சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் என் தோளைத் தொட்டு ஒரு பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். அவர் வீட்டிலும் அதே என்ஜின் வைத்த கார் இருக்கிறதாம், 2013-ல் வாங்கியது, விற்றுவிட உத்தேசமாம்.

“உங்களுக்கு நாலு பேரைத் தெரியுமே! டிரைவர், சின்ன வியாபாரி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.”

“எண்ணெய் மாற்றிய ரசீதெல்லாம் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“அதையெல்லாம் யார் சார் வைத்திருக்கிறார்கள்? நேற்றுத்தான் பாலிஷ் போட்டேன். வந்து பாருங்கள், முகம் தெரிகிறது.”